ஷட் டவுன் காணாமல் போன டிஸ்பென்சரி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கடைக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்குகிறது. கொண்டு வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஒருவர் "வைரஸ்" என்கிறார். இன்னொருவர் "ஃபோமட் பண்ணிடுவோம்" என்கிறார். கொண்டு வந்த மனிதர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நிற்கிறார். நான் ஓய்வு பெற்றவன், தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் போக வேண்டியவன்தான். ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் வேலை விவரம் எழுதும் ஜொப் ஷீட்டில் 'பாவனையாளரின் தவறு', அதாவது கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியவரே கெடுத்தார் என்று எழுதியதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு சொற்களை நானும் எழுதியிருக்கிறேன். எழுதிய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பதுளைக் கடைவீதியில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை செய்தேன். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரிக்கு யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். அதை இணைத்துப் பூட்டிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பூனாகலைக்கு ஒரு பஸ், பிறகு மழையில் இரண்டு மைல் நடை. போய்ச் சேரும்போதே எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

டிஸ்பென்சரிக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்துக்காரர். பட்டம் பெற்ற டாக்டர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர். ஆனாலும் தோட்டமே அவரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிட்டது. முப்பது வருடமாக அங்கேயே இருப்பவர். கம்ப்யூட்டரில் வேலை செய்ய அவர் தேர்ந்தெடுத்திருந்த பெண்ணின் பெயர் புஷ்பராணி. தாயும் தகப்பனும் அதே தோட்டத்தில் வேலை. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் ஒரு வருடம் கொழுந்து பறித்தவள். பண்டாரவளையில் தட்டச்சு வகுப்புக்கும் போயிருந்தாள். தோட்டத்தின் நான்கு டிவிசன்களிலும் உள்ள பிள்ளைகளின் தடுப்பூசி விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி எந்த வாரம் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மிட்வைஃப் அம்மா தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போவார்.

நான் வேலையை முடித்தேன். கடைசியில் வழக்கம் போல என் ஃப்ளொப்பியைப் போட்டு, அதிலிருந்த தமிழ் எழுத்துரு, பிரிண்டர் ஒழுங்கு எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றினேன். கம்ப்யூட்டரை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று புஷ்பராணிக்கு ஒரு தடவை காட்டினேன். ஷட் டவுன் என்ற வரியை என் கையாலேயே அழுத்தி நிறுத்திவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

இரண்டாம் நாள் கடைக்குத் தொலைபேசி வந்தது. புஷ்பராணிதான். ஷட் டவுனைக் காணவில்லை என்றாள். ஸ்டார்ட்டை அழுத்துங்கள், கீழே கடைசி வரி என்றேன். அங்கே இல்லை என்றாள். இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்றாள். கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் வரும்போது இருந்துச்சு. நீ எதையாவது அமுக்கியிருப்ப. கண்ணத் தெறந்து பாரு" என்றேன்.

"கண்ணு தெறந்துதாங்க சார் இருக்கு. அது இல்லைங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் அவள் எத்தனை தடவை பேசினாள் என்று எண்ணவில்லை. மணி அடித்தாலே பக்கத்து மேசைக்காரர், "உங்க பூனாகலை" என்று சிரிப்பார். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி நிறுத்தும் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். பதற்றத்தில் அவள் இரண்டு தடவை அழுத்திவிட்டாள். கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கி, சேமிக்காத பக்கம் ஒன்று போயிற்று. இனி அந்த வழியைத் தொடக்கூடாது என்று டாக்டர் ஐயா சொல்லிவிட்டாராம். அந்தப் பழைய பெட்டியில் பொத்தானை அமுக்கினால் மின்சாரம் அப்படியே அறுந்துவிடும். வேறு வழி இல்லாமல் அவள் ஒவ்வொரு நாளும் அந்தப் பொத்தானைத்தான் அமுக்கியிருக்கிறாள். ஒவ்வொரு காலையும் கம்ப்யூட்டர் நீலத்திரையைக் காட்டி, முறையாக நிறுத்தவில்லை என்று அவளைக் கண்டித்திருக்கிறது. திரையும் திட்டியது, நானும் திட்டினேன்.

நேரில் போயிருக்கலாம். போகவில்லை. அந்த மழையும் இரண்டு பஸ்ஸும் நினைவுக்கு வரும்போதெல்லாம் தொலைபேசியிலேயே முடித்துவிடலாம் என்று தோன்றியது. ஆறாவது வாரம் கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. அப்போதுதான் போனேன்.

எப்படியோ சமாளித்து ஒரு தடவை எழுப்பினேன். அவள் சொன்னது உண்மை. ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுன் என்ற வரியே இல்லை. ஆறு வாரமாக அந்தப் பெண் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? குற்றவாளியைத் தேடினேன். நான் போகும்போது இருந்தது, இப்போது இல்லை, ஆகவே இங்கே இருப்பவர்கள்தான் ஏதோ செய்திருக்கிறார்கள். என் கணக்கு அவ்வளவுதான்.

மேசை லாச்சியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஃப்ளொப்பி இருந்தது. யாருடையது என்று கேட்டேன். தன்னுடையது, தட்டச்சு வகுப்பில் கொடுத்தது, இந்தக் கம்ப்யூட்டரில் போடவே இல்லை என்றாள் புஷ்பராணி. அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் சோதிக்கவில்லை. டாக்டர் ஐயாவைப் பார்த்து, வெளி ஃப்ளொப்பியில் வந்த வைரஸ், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றேன்.

"அதுல இருக்கற லிஸ்ட், சார்?" என்றாள் அவள்.

போய்விடும் என்றேன். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று அவளையே கேட்டேன். பிரதி எடுக்க யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்தான். அன்று இன்னும் ஒரு மணி நேரம் மெனக்கெட்டிருந்தால் அந்தப் பட்டியலை வெளியே எடுத்திருப்பேன். பஸ் நேரத்தைப் பார்த்தேன். அழித்தேன். ஆறு வார உழைப்பு அப்படியே போயிற்று. பிறகு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கடைசியில் என் ஃப்ளொப்பியையும் ஏற்றி, ஷட் டவுன் இருப்பதை டாக்டர் ஐயாவுக்குக் காட்டி, அதையே அழுத்தி நிறுத்தினேன். ஜொப் ஷீட்டில் எழுதினேன்: பாவனையாளரின் தவறு. வெளி ஃப்ளொப்பியால் வைரஸ். மேலிருந்த வெள்ளைத் தாளை அவருக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கார்பன் பிரதியான ரோஸ் தாளைக் கடைக்குக் கொண்டு வந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில். என் அம்மா வேலை செய்ததும் கொழுந்து மலையில்தான். காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு, கையில் ஒரு கறுப்புப் பையையும் பிடித்தவுடன், லயத்துப் பெண் ஒருத்தி சொல்வதை நம்ப என்னால் முடியாமல் போயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

பத்து நாள் கழித்து டாக்டர் ஐயாவே கடைக்குப் பேசினார். குரலில் கோபம் இல்லை. ஒரு நோயாளியிடம் விசாரிப்பது போல நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, நீர் திருத்திப் போட்ட அண்டைக்கு அது இருந்தது. அடுத்த நாள் காலமை போட்டுப் பாத்தால் காணேல்லை. அந்தப் பிள்ளையை நான் அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டன். அவள் இப்ப மலையில கொழுந்து எடுக்கிறாள், இந்த அறைப்பக்கமே வாறேல்லை. நான் ஒருத்தன்தான் இதைத் தொடுறன். அப்ப ஆர் இதைச் செய்தது?"

கண்ணெதிரே மேசையில் என் ஃப்ளொப்பி கிடந்தது.

அந்த ஃப்ளொப்பியைப் பற்றி இப்போது சொல்கிறேன். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைகளுக்காக நான் தயாரித்தது அது. பிள்ளைகள் கண்டதையும் அழுத்துவார்கள், அடுத்தவன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவார்கள். அதனால் மெனுவிலிருந்து சில வரிகளை மறைத்து வைக்க ஒரு சின்னக் கோப்பு எழுதினேன். ஷட் டவுனும் அதில் ஒன்று. ஆசிரியர்களுக்கு மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு ஃப்ளொப்பி கொடுப்போம். பிறகு வசதிக்காகத் தமிழ் எழுத்துரு, பிரிண்டர் ஒழுங்கு எல்லாவற்றையும் அதே ஃப்ளொப்பியில் சேர்த்தேன். அதற்குப் பிறகு, பள்ளிக்கூடமோ டிஸ்பென்சரியோ, எங்கே போனாலும் யோசிக்காமல் மொத்தமாக ஏற்றினேன். மறைப்பது அன்றே தெரியாது. ஒரு தடவை நிறுத்தி, அடுத்த தடவை போடும்போதுதான் வேலை செய்யும். அதனால்தான் நான் நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. நான் பஸ் ஏறிய பிறகு, அடுத்த நாள் காலையில் அந்தப் பெண்ணின் முன்னால் அது காணாமல் போயிற்று.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கடை நடத்துகிறவர். மதர்போர்ட் பழசு, அதனால் வந்த கோளாறு என்று சொல்லிவிட்டு, சத்தம் இல்லாமல் சரிசெய்துவிட்டு வரச் சொன்னார். நம்ம ஆளே செய்த பிழை என்று வெளியே போனால், அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் நம்மை விட்டுப் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது. பண்டாரவளை வரும்வரை மதர்போர்ட் என்று சொல்லவே முடிவு செய்திருந்தேன். பூனாகலை பஸ்ஸில் ஏறிய பிறகு மனம் மாறியது. நடக்கும்போது மறுபடி மதர்போர்ட். உண்மை சொல்வது இவ்வளவு தொல்லையான வேலை என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை.

போய் உட்கார்ந்து, அந்தக் கோப்பு எழுதி வைத்திருந்த ஒரே ஒரு பதிவை அழித்தேன். கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். ஷட் டவுன் வந்து தன் இடத்தில் நின்றது. டாக்டர் ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூண்டு நிமிசம்" என்றார்.

மதர்போர்ட் கோளாறு மூன்று நிமிடத்தில் சரியாகுமா? அதற்குப் பிறகு மதர்போர்ட் என்று சொல்ல நாக்கு வரவில்லை. நான் போட்ட ஃப்ளொப்பிதான், இரண்டு தடவையும் நான்தான் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் அந்தப் பிள்ளைக்குச் செய்தது?" என்றார். நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் கங்காணியிடமும் காட்டியிருந்தாராம்.

ஆளனுப்பி அவளை மலையிலிருந்து கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். கூடையை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்தாள். மழைக்காக இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை நனைந்துவிடும் என்று உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள். நான் எழுந்து நின்று சொன்னேன். தப்பு உங்கள் மேல் இல்லை, என் ஃப்ளொப்பிதான் அதை மறைத்தது, நீங்கள் முதல் நாளிலிருந்து சொன்னதெல்லாம் சரி என்றேன். அவள் அழவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. டாக்டர் ஐயா நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார். அதற்குத் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள். "அன்னைக்கு எழுதித்தானே குடுத்தீங்க. நான் கம்ப்யூட்டர கெடுத்துட்டேன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

ஜொப் ஷீட் புத்தகத்தை எடுத்தேன். முதலாளி அந்த ரோஸ் தாளைப் படிப்பார் என்பது நினைவுக்கு வந்தது. பேனா தானாகவே வளைந்து எழுதியது: முந்தைய கோளாறு தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்டிருக்கலாம்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் படித்தாள்.

"யாரு செஞ்சதுன்னு இதுல இல்லையே சார்" என்றாள். பிறகு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். "இருக்கலாம்னு போட்டிருக்கீங்க. என்னைய பத்தி எழுதுறப்ப 'லாம்' போடலையே."

டாக்டர் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்த வரியை வெட்டினேன். கீழே எழுதினேன்: இந்தக் கோளாறு தொழில்நுட்பவியலாளராகிய என்னால் ஏற்பட்டது. செல்வி புஷ்பராணிக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தடவை படித்துவிட்டு, வெள்ளைத் தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். கொழுந்து நிறுக்கும் நேரமாகிவிட்டது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொழும்பில் ஒரு பயிற்சிக்கு என் பெயர் போயிருந்தது, அது வேறொருவருக்குப் போயிற்று. தோட்டங்கள் ஒன்றும் எங்களை விட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் அழித்த பட்டியல் அழிந்ததுதான். மிட்வைஃப் அம்மா இரண்டு நாள் லயம் லயமாக அலைந்து பிள்ளைகளின் கார்டுகளை எல்லாம் வாங்கி வந்திருந்தார். இரண்டு குழந்தைகளுக்கு ஊசி நாள் தவறியிருந்தது. பிந்தியாவது போட்டுவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்காக அவர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதில் ஒரு வார்த்தையும் கூடுதல் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் பூனாகலைக்குப் போனேன். நான் கார்டைப் பார்த்து வாசிப்பேன், புஷ்பராணி அடிப்பாள். வேகமாக அடிப்பாள். பெயரை நான் தப்பாக வாசித்தால் நிறுத்தித் திருத்துவாள். அந்தப் பிள்ளைகளை எல்லாம் அவளுக்குத் தெரியும். வேலையைத் தவிர என்னோடு வேறு எதுவும் பேசவில்லை. பிரதி எடுப்பது எப்படி என்று இரண்டாவது வாரம் சொல்லிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் நின்று ஒரு தடவை பார்த்தாள். அடுத்த தடவை அவளே செய்தாள்.

மூன்றாவது ஞாயிறு, கடைசிக் கார்டு முடிந்தது. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கார்டுகளை டிவிசன் வாரியாக அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இந்த மாதிரி இன்னும் எந்தெந்த எடத்துல போட்டீங்க சார்?"

எனக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டேன்.

"அந்த ஃப்ளொப்பியத்தான். நாங்க ஃபோன் பண்ணிக் கேட்டோம். கேக்காதவங்க இருப்பாங்கல்ல."

ஒரு மாதமாக நான் அதை யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டேன், பட்டியலும் அடித்துக் கொடுத்துவிட்டேன் என்று என் மனம் நிம்மதியாக இருந்தது. என் மேல் எனக்கு ஒரு மதிப்புக்கூட வந்திருந்தது, அந்த வெட்கக்கேட்டை எங்கே சொல்வது.

திங்கள் காலை கடை திறந்ததும் ஜொப் புத்தகங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், டிஸ்பென்சரியையும் சேர்த்து, மறைக்க வேண்டிய தேவையே இல்லாத நான்கு இடங்களில் அதை ஏற்றியிருந்தேன். மற்ற மூன்று இடங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பேசினேன். முதல் இடத்தில், ஆமாம், அதைக் காணவில்லைதான், பொத்தானை அமுக்கி நிறுத்துகிறோம் என்றார்கள். யாரும் புகார் சொல்லவில்லையா என்றேன். இது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்களாம். இரண்டாவது இடத்தில் கம்ப்யூட்டரை உறை போட்டு மூடியே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, எல்லப் பக்கத்து ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸ். அதிபரே எடுத்தார். ஷட் டவுன் வருகிறதா என்று கேட்டேன்.

"இல்லைங்க, அது போய் ரொம்ப நாளாச்சு" என்றார். "ஆபீஸ்ல புதுசா வந்த டீச்சர் ஒருத்தவங்க ஏதோ பண்ணிட்டாங்க. அவங்கள அந்த வேலையில இருந்து மாத்தியாச்சு. இப்ப யாரையும் அது பக்கமே விடறதில்ல."

அந்த டீச்சர் இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டேன். வந்திருக்கிறார், வகுப்பில் இருக்கிறார் என்றார் அதிபர். நான் வரும்வரை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம், அவருடைய முழுப் பெயரை மட்டும் இப்போது சொல்லுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். எழுத வேண்டியிருக்கிறது என்றேன். அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, ஜொப் ஷீட் புத்தகத்தைத் திறந்து, முதலாளியின் கண்ணுக்கு முன்னாலேயே எழுதிக்கொண்டு, எல்ல பஸ்ஸுக்கு இறங்கினேன்.